ஷீட்டில் இல்லாத புள்ளி

மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த வருஷம் என் இடது கண்ணில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது நான் கையை வீசிக் கொசு விரட்டிக்கொண்டிருந்தேன். உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தலைவலி முதல் கால்வலி வரை எல்லாமே சூடுதான். குளித்தேன். கொசு போகவில்லை, கூடவே நாலைந்து நூலும் வந்து சேர்ந்தன.

வேறு வேலையாக இருந்தால் சனியன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் பிழைப்பே புள்ளி பார்ப்பதுதான். மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பேராங்கிலிருந்து நடந்து போய், ஆற்றோரத்து ரப்பர் கிடங்கில் பெண்கள் நாங்கள் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம். புகை போட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறுப்பாக எந்த அழுக்கு தெரிந்தாலும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். கண்ணில் மிதந்ததை ஷீட்டில் இருப்பதாக நினைத்து நான் நல்ல ரப்பரையே வெட்டித் தள்ளினேன். ஒருநாள் எங்களை மேய்க்கும் கங்காணி மண்டோர் என் ஷீட்டை எல்லார் முன்னாலும் விரித்து, இது ரப்பரா மீன் வலையா என்று கேட்டான். கண் தெரியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்றும் சொன்னான். வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த காலம் அது. என் கண்ணை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணை அசைக்காமல் ஷீட்டை மட்டும் லேசாக உதற வேண்டும். ஷீட்டோடு சேர்ந்து ஆடினால் அழுக்கு. தன் பாட்டுக்கு நின்றால் அது என்னுடையது.

இதைப் பழகிய பிறகுதான் கவனித்தேன், பக்கத்தில் உட்காரும் அக்காவும் உதறித்தான் பார்த்தாள். எங்கள் தெருவில் இருந்த மலாக்கா செட்டிக் குடும்பத்துக்காரி. கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். தூசி தட்டுகிறாள் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளுக்கும் கண்ணில் பறக்கிறது! நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தினமும் சேர்ந்து நடந்து போனோம், வந்தோம்.

வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் மருந்து விட்டுப் பார்த்த டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை, அவருக்கு உதவியாக நின்ற டிரசர் தமிழில் சொன்னார். "பூச்சிக்கு மருந்து கிடையாது, பழகிக்குங்க. ஆனா பளிச்சுனு மின்னல் மாதிரி தெரிஞ்சாலோ, திரை இறங்குற மாதிரி மறைச்சாலோ அன்னிக்கே ஓடி வாங்க. நாள் தள்ளினா கண்ணு போயிடும்."

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்ப்பதே என் பூஜையாகிவிட்டது. அலுத்துப் போயிற்று. டிரசர் சொன்ன எச்சரிக்கையை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் என் கண் கதை வெளியே வந்துவிடும், மண்டோர் காதுக்குப் போய்விடும் என்ற பயம்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, அக்கா கத்தரிக்கோலை வெறும் காற்றில் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். வலது கண்ணில் மூன்று நாளாக மேலிருந்து கறுப்புத் துணி இறங்குகிறது, வயசாகிவிட்டது, மண்டோரிடம் சொல்லிவிடாதே என்றாள்.

மூன்று நாள். எழுந்து மண்டோரிடம் போனேன். "எனக்கும் கண்ணுல பூச்சி பறக்குது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வேலை இல்லைன்னா இல்லை."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். போய்விட்டு நாளைக்கு வா என்றான். அவ்வளவுதான். இதற்காகவா வாயை மூடிக்கொண்டிருந்தேன்!

ஆஸ்பத்திரியில் அதே டிரசர். அக்காவுக்கும் புரியட்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்து மலாயில்தான் பேசினார். திரை இறங்கினால் அன்றைக்கே வரவேண்டும் என்று உன்னிடம் சொன்னேனே, இவரை ஏன் இவ்வளவு தாமதமாகக் கூட்டி வந்தாய் என்று என்னைக் கேட்டார்.

எப்போது சொன்னார் என்று கேட்டாள் அக்கா. நாலு மாதம் ஆகிறது என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சிங்கப்பூர் வரை அனுப்பிப் பார்த்தார்கள், அந்தக் கண் திரும்பவில்லை. எனக்குக் கொசு இன்னும் பறக்கிறது. நடக்கும்போது நான் இப்போது அவளுடைய வலது பக்கமாகத்தான் வருகிறேன். கால்வாய் வந்தால் கையை நீட்டுவேன். பிடித்துக்கொள்வாள்.