ஏழு தகடுகளும் ஒரு கையெழுத்தும்

எங்கள் விமானத் தளத்தில் அவரை எல்லோரும் மேக்கப்காரர் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை இல்லை. ஹெலிகாப்டருக்கு வேஷம் கட்டுகிற வேலை.

பட்டாளத்து ஹெலிகாப்டர் பார்ப்பதற்கு ஒன்றுதான், உத்தியோகம் மட்டும் அஞ்சாறு. காலையில் பன்னிரண்டு சிப்பாய்களை அடைத்துக்கொண்டு போகும்போது அது பஸ். சீட்டுகளைக் கழற்றி நாலு ஸ்ட்ரெச்சர் மாட்டினால் ஆம்புலன்ஸ். வயிற்றுக்கு அடியில் இருக்கிற கொக்கியில் ஒரு ஜீப்பைத் தொங்கவிட்டால் லாரி. இரண்டு கதவிலும் துப்பாக்கி வைத்துவிட்டால் தெருமுனையில் நின்று முறைக்கிற ரவுடி. நடுவில் பெரிய அதிகாரி யாராவது வந்தால் மெத்தை சீட்டு, ஜன்னலுக்குத் திரை, தரைக்குக் கம்பளம். இத்தனை வேஷத்தையும் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டுவது நம்முடைய ஆள்தான்.

அப்படி மாற்றுவதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள். இரண்டு இன்ஜினையும் தூக்கிக் கூரைமேல் வைத்துவிட்டதால் உள்ளே ஒரு காலி அறை கிடைத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் கடை ஷட்டர்போல இழுத்துத் திறக்கிற கதவு. தரை முழுக்க வளையங்கள். எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம். டேங்க் தரைக்கு அடியில். அதற்கு உள்ளே ரப்பர் பூச்சு. குண்டு துளைத்தால் தானே வீங்கி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். டேங்க் விஷயம் எனக்கு அத்துபடி. எண்ணெய் லாரி ஓட்டுகிறவன் நான்தான். ஆள் கூடினால் எண்ணெய் குறையும், எண்ணெய் கூடினால் ஆள் குறையும். குண்டான அதிகாரி ஏறுகிற நாளில் என் லாரியில் எண்ணெய் மிச்சம்.

மேக்கப்காரர் ஒரு இடத்தில் நிற்கிற ஜென்மம் இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கையால் சட்டைப் பையைத் தடவி ஸ்பேனர் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் சம்சாரம் என் வீட்டுக்காரியிடம் சொன்னதாகக் கேள்வி. மாதத்துக்கு ஒருமுறை கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றுவாராம். "ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா பீரோவுல முட்டிக்கிறேன்"னு அந்தம்மா நெற்றியைக் காட்டினதாம்.

அவருக்கு ஒரே மகள். அவளும் இங்கேதான் வேலை. ஹெலிகாப்டர் கதவோரம் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, வின்ச் கம்பியை இறக்கி, கீழே சிக்கியிருப்பவர்களை மேலே இழுக்கிற உத்தியோகம். சேர்ந்தபோது அம்மா மூணு நாள் அழுதாள். அப்பா ஒரு சொட்டுக்கூட விடவில்லை. ஆனால் அவள் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார்.

"அப்பா, இது என் பெல்ட்டு. உங்க மாட்டுக் கயிறு இல்ல."

"மாடுன்னா ஒரு தடவ இழுத்தா போதும். உனக்கு ரெண்டு தடவ."

இப்படித்தான் தினமும்.

இனி கார்டு சமாச்சாரம். வேஷம் மாறினால் எடை மாறும். எதைக் கழற்றினோம், எதை மாட்டினோம், இப்போது வெறும் ஹெலிகாப்டர் எத்தனை கிலோ, கனம் முன்பக்கமா பின்பக்கமா, எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் ரப்பர் முத்திரையைக் குத்தி விமானியிடம் கொடுக்க வேண்டும். எத்தனை பேரை ஏற்றலாம், எவ்வளவு எண்ணெய் போடலாம் என்று அவர் கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். எங்கள் தளத்தில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர்கள் இரண்டே பேர். இன்னொருவருக்குக் குடல்வால் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே இழுபறி. ஆறு மணிக்கு உத்தரவு: சிப்பாய் சீட்டு போடு. ஏழு மணிக்கு: வேண்டாம், துப்பாக்கிப் பயிற்சி, கவசத் தகடு போடு. தகடு என்பது தரையில் பரப்புகிற ஏழு பலகைகள். ஒவ்வொன்றும் இருபத்திரண்டு கிலோ. கீழிருந்து சுட்டால் உள்ளே இருப்பவர்களின் காலைக் காப்பாற்றும். ஏழையும் பரப்பி, மேலே சாம்பல் நிற ரப்பர் விரிப்பைப் போட்டு மூடிவிட்டார். துப்பாக்கியை மாட்டப் போகும்போது மூன்றாவது உத்தரவு. மேலே மலை ரோட்டில் மண் சரிந்து, வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் ஒரு திட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவனுக்குக் கால் முறிந்திருக்கிறது. துப்பாக்கி வேண்டாம், வின்ச் மாட்டு, ஒரு ஸ்ட்ரெச்சர் போடு, உடனே.

மீட்பு வேலைக்குத் தகடு தேவையில்லை. முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் மற்றது. அவர் கதவைத் திறந்து உள்ளே ஏறின நேரத்தில் நான் எண்ணெய்க் குழாயோடு பக்கத்தில் நின்றேன். கிடங்கு அதிகாரிக்கும் சமையல்கூடத்து மேனேஜருக்கும் முந்தின நாள் நடந்த கைகலப்பைப் பற்றிச் சும்மா ஒரு வார்த்தை ஆரம்பித்தேன். ஒரு வார்த்தைதான். அப்புறம் அது கொஞ்சம் நீண்டுவிட்டது. அவரும் "அப்புறம்?" என்று கேட்டாரே.

வின்ச்சை மாட்டினார். ஸ்ட்ரெச்சரைக் கட்டினார். கார்டு எழுதினார். மகள் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்தார். ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது.

இருபது நிமிஷம் இருக்கும். ஹேங்கர் கொட்டகையில் துண்டால் கை துடைத்துக்கொண்டு நின்ற மனுஷர் திடீரென்று துடைப்பதை நிறுத்திவிட்டார். சுவரோரம் இருந்த இரும்பு ஸ்டாண்டைப் பார்த்தார். தகடுகள் கழற்றினால் சாய்த்து வைக்கிற ஸ்டாண்டு. ஏழு பள்ளம், ஏழும் காலி.

"யோவ், தகடு எங்க?"

"என்னக் கேட்டா? நான் எண்ணெய்க்காரன்."

"நான் எடுத்து வெச்சேன்ல?"

அவர் முகம் செத்துவிட்டது.

"கார்டுல எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கேன்யா. நூத்தம்பத்தி நாலு கிலோ. ரெண்டு ஆளு எடை. விரிப்புக்கு அடியில கெடக்கு. அவ அது மேலதான் நின்னுக்கிட்டிருக்கா."

பறந்து போகும்போது ஹெலிகாப்டருக்குக் காற்றே கொஞ்சம் கைகொடுக்கும். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும்போது முழுக் கனமும் விசிறி தலையில்தான். அதிலும் மலை உச்சியில், வெயில் ஏறின நேரத்தில், காற்று இளைத்துப்போயிருக்கும். ஆறு பேரைத் தூக்கலாம் என்று விமானி கணக்குப் போட்டிருப்பார். அஞ்சாவது ஆளோ ஆறாவது ஆளோ கம்பியில் தொங்கும்போது இன்ஜின் திணறினால், கீழே பாறை, கதவோரம் மகள்.

மேக்கப்காரருக்கு ஒரு நிமிஷம் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. என்னைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். நான் ஒரு யோசனை சொன்னேன்.

"அண்ணே, அந்த விமானி கைதேர்ந்தவரு. கனமா இருந்தா தானே தெரிஞ்சுக்குவாரு. சொல்லிட்டீங்கன்னா உங்க கையெழுத்து போச்சு. இருவத்தாறு வருஷம் அண்ணே."

"அவரு தெரிஞ்சுக்கிறப்போ என் பொண்ணு எங்க இருப்பா?"

அவ்வளவுதான். ஓட ஆரம்பித்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடிப் பழக்கமில்லாத உடம்பு, பாதி வழியில் மூச்சு முட்டியது.

ரேடியோ அறையில் டியூட்டி அதிகாரி அம்மா, காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுதான், ஆனால் கண்டிப்பானவர்.

"மேடம், கார்டு தப்பு. தகடு ஏழும் உள்ள இருக்கு. நூத்தம்பத்தி நாலு கிலோ கூட."

"யார் கார்டு?"

"என் கார்டு."

அந்தம்மா திட்டவில்லை. அப்படியே திரும்பி ரேடியோவில் சொன்னார். ஸ்பீக்கரில் கரகரப்புக்கு நடுவே விமானி குரல் வந்தது.

"அதானே பார்த்தேன். ரெண்டு பேரத் தூக்கியாச்சு, இப்பவே இன்ஜின் மீட்டர் ஊசி உச்சிக்குப் பக்கத்துல நிக்குது. கூட இன்னும் ரெண்டு பேர். அதோட கிளம்பறேன். மிச்ச ரெண்டு பேருக்கு மறுபடி வரேன்."

பின்னணியில் மகள் குரல் கேட்டது. கீழே நிற்பவர்களுக்குக் கேட்குமோ கேட்காதோ, கத்திக்கொண்டிருந்தாள். "இப்ப கால் உடைஞ்சவர ஏத்துங்க. அண்ணே, நீங்க இல்ல, அவரு. நீங்க நில்லுங்க, திரும்பி வர்றோம்னு சொல்றேன்ல."

மேக்கப்காரர் ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார். நாலாவது ஆள் உள்ளே ஏறிவிட்டான் என்று கேட்டதும் மூச்சு விட்டார். உடனே அடுத்த கவலை.

"மேடம், திரும்பிப் போறப்போ தகடு இருக்கக் கூடாது. இன்னும் வெயில் ஏறிடும். ஒரு இன்ஜின் படுத்தாலும் இன்னொண்ணு தாங்கணும்னா லேசா இருக்கணும்."

"எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆறு நிமிஷம். விசிறி சுத்திக்கிட்டே இருக்கட்டும்."

இதற்கு நடுவில் அந்தம்மா கேட்டார்: "வேலை செய்யறப்போ பக்கத்துல யாராவது பேச்சுக் கொடுத்தாங்களா?"

நான் சுவரில் தொங்கிய கடிகாரத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்தேன். மேக்கப்காரர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"கவனம் என்னுது மேடம். பேச்சு யாருதா இருந்தா என்ன."

ஹெலிகாப்டர் இறங்கியது. கால் முறிந்தவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மகள் விரிப்பைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். அப்பாவும் மகளும் உள்ளே, தளத்து ஆட்கள் இரண்டு பேர் வெளியே. விசிறிக் காற்றில் யார் பேசினாலும் கேட்காது, கை சாடைதான். ஒவ்வொரு தகடாக வெளியே வந்தது. நான் எண்ணெய்க் குழாயை மாட்டிக்கொண்டு வாயை இறுக்கி மூடி நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஏழு தகடும் தரையில். புது கார்டு எழுதினார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. விசிறிச் சத்தம் குறைகிற தூரத்துக்குத் தள்ளி வந்து, அங்கே வந்து நின்ற அதிகாரி அம்மாவிடம் கார்டை நீட்டினார்.

"நீங்க போடுங்க மேடம்."

"எனக்கு அனுமதி இல்ல. நீங்க போடலன்னா இது பறக்காது. மேல ரெண்டு பேர் நிக்கறாங்க."

"இன்னைக்குத்தான் ஒரு கார்டைத் தப்பாப் போட்டவன் நான்."

"தெரியும். அதான் கேக்கறேன். போடுவீங்களா, மாட்டீங்களா?"

அவர் மகளைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவள் கிட்டத்தில் வந்து காதோடு கத்தினாள்.

"வாங்கப்பா, எண்ணுவோம். நானும் பாக்கறேன்."

இரண்டு பேரும் குனிந்து ஒவ்வொரு தகட்டையும் கையால் தொட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு. அப்புறம் அவள் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய் வெறுந்தரையைக் காட்டினாள், வளையம் வளையமாக. வின்ச், ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பெட்டி. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். முழங்காலில் கார்டை வைத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். எழுத்து கோழி கிண்டினதுபோல இருந்தது. விமானி வாங்கி, ஒரு தடவை படித்து, முழங்கால் பட்டியில் செருகிக்கொண்டார். அவளுடைய பெல்ட்டை இழுத்துப் பார்க்க மேக்கப்காரர் கையை நீட்டவில்லை. அவளே அவர் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

இரண்டாவது பயணம் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அவர் ரேடியோ அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அதிகாரி அம்மா இரண்டு தடவை "உக்காருங்க மாஸ்டர், எனக்குத் தலை சுத்துது" என்றார். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

கடைசியில் ஸ்பீக்கரில் விமானி வந்தார். "ரெண்டு பேரும் உள்ள. வர்றோம்."

அறையில் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். மேக்கப்காரர் மட்டும் மேஜைமேல் குனிந்தார்.

"மேடம், இன்ஜின் எவ்வளவு இழுத்துச்சுன்னு கேளுங்க. அந்தரத்துல நின்னப்போ."

"அதான் ஏத்திட்டாங்களே மாஸ்டர்."

"கேளுங்க."

கேட்டார். விமானி ஒரு எண்ணைச் சொன்னார். மேக்கப்காரர் உள்ளங்கையில் எழுதி, உதட்டுக்குள்ளேயே கூட்டிக் கழித்துப் பார்த்தார். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது. அவர் தலை மெதுவாக ஆடியது மட்டும் புரிந்தது. கார்டில் எழுதினபடிதான் இருந்திருக்கிறது.

பிறகு சட்டைப் பையிலிருந்து தன்னுடைய ரப்பர் முத்திரையை எடுத்து அந்தம்மா முன்னால் வைத்தார்.

"நான் இன்னும் கேக்கலையே?"

"கேப்பீங்க மேடம். விசாரணைன்னா முதல்ல இததான் கேப்பாங்க." வாசல் பக்கம் நடந்துகொண்டே சொன்னார். "நாளைக்குக் காலையில மறுபடி சிப்பாய் சீட்டாம், போர்டுல எழுதிட்டாங்க. சீட்ட நான் மாட்டறேன். எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போட வெளியிலேருந்து ஒருத்தர வரச் சொல்லிடுங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்க, ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடுவேன்."