குதிகால் படாத ஈரத் தடம்

காலை ஆறு பத்து. குளியலறையிலிருந்து கூடத்துக்கு ஈரத் தடங்கள் போயிருந்தன. வலது பாதம் முழுதாகப் பதிந்திருந்தது. இடதில் விரல்களும் வெளி ஓரமும் மட்டும். குதிகால் இல்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி. செங்கல்பட்டை அடுத்த எங்கள் ஊர் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் முப்பது வருஷம் தளிகை செய்தவர். கோயிலுக்குள் மறுபடி தன் காலால் நடந்து போக வேண்டும் என்பதை மட்டும்தான் அவர் கேட்டார். நான் சென்னையில் பத்திரிகை வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே அவர் நடையைப் பார்த்தேன்.

அந்தத் தடங்களைப் பார்த்த மறுநாள் அப்பாவைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மாவும் வந்தாள். நடைப்பயிற்சி கொடுப்பவர் புதுப்பட்டினத்துக்காரர். பாதம் உள்பக்கம் திரும்பாமலிருக்க, இரும்புப் பட்டை பொருத்திய தோல் ஷூ ஒன்றை முன்பே கொடுத்திருந்தார். காலைப் பார்க்கும் முன் அந்த ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். தேயவே இல்லை.

"இன்னா சாமி, மாப்ள ஊட்டு விருந்துக்குன்னு எடுத்து வச்சுகினு கீறீங்களா?"

அம்மா சொன்னாள்: "செருப்பப் போட்டுண்டு ஆத்துக்குள்ள எப்படி நடப்பார்? பெருமாள் இருக்கிற இடமாச்சே. வெளியில போறச்சே போட்டுக்கறார்."

வெளியே போனது மாதம் ஒருமுறை, இந்த அறைக்கு.

"அது செருப்பு இல்லம்மா, கட்டு. நீங்க கண்ணாடிய வாசல்ல கழட்டி வச்சுட்டா உள்ள போறீங்க?"

"கண்ணாடி தோல் இல்லையே" என்றாள் அம்மா.

அவர் சிரித்துக்கொண்டே அப்பாவின் குதிகாலைப் பிடித்து, முன்பாதத்தை மேலே தள்ளினார். அசையவில்லை. சிரிப்பு நின்றது. "இறுகிப் பூடுச்சு சாமி. இனிமே பட்டை போட்டாலும் நிமிராது. ஆபரேஷன்தான்."

இத்தனை மாதமும் அந்த ஷூ வாசலில் செருப்புகளோடு கிடந்ததை நானும் பார்த்திருந்தேன். ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

குதிகாலுக்கு மேலிருக்கும் தசைநாணை அறுவை செய்து நீளமாக்கினார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிறகு கொடுத்தது பிளாஸ்டிக் பட்டை. தோல் இல்லை, வெறும் காலில் மாட்டலாம். அம்மா அதைக் கழுவித் துடைத்துக் கூடத்துக்குள் எடுத்து வந்தாள். அப்பா பகல் முழுதும் அதைக் கழற்றாமல் நடந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். மடப்பள்ளியில் அவரோடு வேலை செய்தவர் வாசலுக்கு வந்தார். "பட்டையோட அப்படியே உள்ள வாங்கோ, ஒண்ணும் ஆகாது" என்றார்.

அப்பா படியில் உட்கார்ந்து பட்டையின் மூன்று வார்களையும் தானே அவிழ்த்தார். பட்டையைச் செருப்புகளோடு வைக்கவில்லை. என் கையில் கொடுத்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார்.

கொடிமரம் வரை இடது கால் இருபத்திரண்டு முறை முன்னே போனது. குதிகால் பத்தொன்பது முறை தரையில் பட்டது.