மலையிறக்கத்தில் கேட்காத கியர்

சேர்வராயன் கோயிலில் பேரனுக்கு முடியிறக்கிவிட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டோம். காரில் நான், மனைவி சரசு, பின்னால் மகள், அவள் மடியில் ஒரு வயதுப் பேரன். மற்ற உறவினரோடு மருமகன் வேனில் முன்பே இறங்கிவிட்டார்.

என் கார் ஆட்டோமேட்டிக். இடது முழங்கால் வலி கிளட்ச் மிதிக்க விடாததால் பழையதாக வாங்கியது. தானே கியர் மாற்றிக்கொள்ளும். மலை இறங்கும்போது மட்டும் நாமே கியர் கம்பியைத் தள்ளிச் சின்ன கியரில் போட வேண்டும். அப்போதுதான் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடாகாது.

ஏற்காடு கடைவீதியில் டீ குடித்தோம். அங்கிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் இறக்கத்தில் கம்பியைத் தள்ளினேன். மீட்டரில் 'D' என்ற எழுத்து எண்ணாக மாறவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து இரண்டு வளைவு தாண்டினேன். மூன்றாவதில் அந்த எழுத்தே மறைந்தது. என்ஜின் சத்தம் ஓய்ந்தது. வண்டி மட்டும் ஓடியது. தீய்ந்த நாற்றம். வலப்பக்கம் பள்ளம். "முருகா" என்று மலையை ஒட்டிய வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன்.

கீழிருந்து ஏறிவந்த ஜீப் ஒன்று நின்றது. ஓட்டுபவர் கொட்டச்சேடு என்ற மலையூர்க்காரர், பெயர் மாது.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போக இத்தன அவசரமுங்களா? சக்கரத்தத் தொட்றாதீங்க, சுட்டுப்போடும்."

"கியரே எடுக்க மாட்டேங்குது தம்பி."

"கிளட்ச் இல்லாத வண்டிய நாங் கண்டனுங்களா? பாப்போம்."

சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அடியில் குனிந்து பார்த்தார், எண்ணெய் ஒழுகவில்லை. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிக் கம்பியை ஆட்டினார். ஆட்டினால் எழுத்து வந்தது, விட்டால் போனது.

"கியர்ப் பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது. இந்தக் கம்பி சொல்றது அங்க போய்ச் சேரலீங்க."

கம்பியின் அடியிலிருந்த தோல் உறையைத் தூக்கினார். உள்ளே ஒயரெல்லாம் நனைந்திருந்தது, வண்டிக்குள் சந்தன வாசம் எழுந்தது.

சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். "நாந்தானுங்க. பத்திரமா எறங்கோணும்னு, நம்ம கண்ணு மொட்டத் தலைக்குப் பூசுன சந்தனத்துல மிச்சத்தத் தீர்த்தத்துல கரச்சு கியர் மேல ஊத்துனேன். நீங்க செருப்பெடுக்கப் போயிருந்தீங்க."

"சாமிக்குப் பண்ணோணும் அக்கா அபிஷேகம், ஒயருக்கில்லீங்க!" என்று சிரித்தார் மாது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

துண்டால் ஒற்றி எடுத்து, வெயிலில் உலரவிட்டோம். பிரேக்கும் ஆறியது. மீண்டும் தள்ளியபோது மீட்டரில் ஒன்று என்ற எண் வந்தது, நின்றது.

"நம்பீராதீங்க. ஒண்ணுலயே உருட்டுங்க. கொழந்தைய பஸ்ஸுல ஏத்திருங்க."

மாது கல்லை எடுத்து, ஜீப்பால் இழுத்துச் சக்கரத்தை வாய்க்காலிலிருந்து மேலேற்றிவிட்டுக் கிளம்பினார். சேலம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி மகளையும் பேரனையும் ஏற்றினோம். சரசு ஏறவில்லை. "ஊத்துனது நானு. நானும் இதுலயேதான் வருவேனுங்க."

நான் ஒரு கண்ணால் சாலையையும் ஒரு கண்ணால் அந்த எண்ணையும் பார்த்தபடி இறக்கினேன். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அது மறைந்துவிடும் என்று கால் பிரேக்குக்குப் போனது. மறையவில்லை.

அடிவாரத்தில் பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றினோம். தெய்வத்தின் மேல் எனக்கு ஒரு குறையுமில்லை. கேட்டதைக் கொடுத்துத்தான் அனுப்பியது. சரசு பழக்கம்போல் வண்டிக்கென்று விரலில் குங்குமம் எடுத்துவந்தாள். கதவைத் திறந்தாள், கியர் அருகே போன விரல் நின்றது. கொஞ்சம் யோசித்து, அதை என் நெற்றியில் வைத்துவிட்டாள்.