யாரும் சாகலீங்க, மாஸ்டர்!

திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவன் நான். றொசல்ல என்ற மலை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மூச்சு வாங்க ஏறித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை அடைந்தபோது, மழை என் வேட்டியோடு சேர்த்து வீரத்தையும் நனைத்திருந்தது.

தலைமை ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முன்னாடி வந்தவரு குளிர் தாங்காம ஓடிட்டாரு. புள்ளைங்க ஏ, பி, சி-யோட அப்படியே நிக்குதுங்க. நீங்களாவது இருப்பீங்களா?"

"இருக்கத்தானே வந்திருக்கேன்" என்றேன். டிரங்குப் பெட்டியின் கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் விடியுமுன்னே தப்பு மேளச் சத்தம். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் தப்பு அடித்தால் ஒரே அர்த்தம்தான்: யாரோ போய்விட்டார்கள். வந்த மறுநாளே சாவு. புது வாத்தியார் எட்டிப் பார்க்காவிட்டால் நன்றாகவா இருக்கும்? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் நடந்தேன்.

பனிமூட்டத்தில் ஒரு கூட்டம். எல்லார் தலையிலும் கறுப்புக் கம்பளி. ஓரத்தில் நின்ற ஒரு நடுவயது அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எப்பம்மா போனாங்க?"

"இப்பதாங்க மாஸ்டர். நாப்பது பேரு போயாச்சு."

"நாப்பது பேரா!"

"மிச்சம் ஆளுங்களும் இந்தா போயிருவாங்க. நானும் போகணும்." வெற்றிலையை மடித்தபடி சொன்னார்.

ஓரடி பின்வாங்கினேன். "எதனாலம்மா?"

"எதனாலயா? எல்லாம் வயித்துப்பாடுதான், மாஸ்டர்."

வயிறு என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. வாந்திபேதி! அடுத்து நடந்தது எனக்கே சரியாக நினைவில்லை. நினைவு திரும்பியபோது, பெட்டி என் தலையில் இருந்தது, கால்கள் ஸ்டேஷன் பாதையில் இருந்தன.

எதிரே ஒருவர் தோளில் தப்போடு வந்தார். "எங்க மாஸ்டர், பெட்டியும் கையுமா?"

"நாப்பது பேர் செத்திருக்காங்க, நீங்க பாட்டுக்கு நடக்கிறீங்க!"

"யாரு செத்தா?"

"நீங்கதானே தப்பு அடிச்சீங்க!"

அவர் பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மீசை துடித்தது. அந்தச் சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு, ஒரு மூட்டை தேயிலைக் கொழுந்து சுமப்பதைவிடப் பெரிது.

"அது பெரட்டுத் தப்புங்க. வேலைக்கு ஆள் கூப்பிடுறது. எந்த மலைக்கு யாரு யாருன்னு பிரிச்சு அனுப்புவாங்க. நாப்பது பேரும் கொழுந்து எடுக்கப் போயிருக்காங்க, மாஸ்டர்!" என்றவர், என் தலையிலிருந்த பெட்டியை இறக்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். எந்தப் பக்கம் என்று கேட்கவே இல்லை. மேட்டைப் பார்த்து நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். பெட்டி அவரிடமல்லவா இருந்தது!

நான் வகுப்புக்குப் போவதற்குள் கதை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு 'குட் மார்னிங்' சொன்னார்கள். ஒரு சிரிப்பும் வெளியே வரவில்லை. சாயங்காலம் அந்த அம்மா ஒரு கம்பளியோடும், சாயத்தண்ணி என்ற சூடான பாலில்லா டீயோடும் வந்தார். "காது வரைக்கும் இழுத்து மூடிக்குங்க மாஸ்டர். தப்புச் சத்தம் பாதிதான் கேக்கும்."

அன்றிரவு பெட்டிக் கயிற்றை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

விடியலில் ஜன்னலில் தட்டும் ஓசை. "மாஸ்டர், யாரும் சாகலீங்க! அடிக்கப்போறேன்!" பிறகுதான் தப்பு முழங்கியது.

அன்றே கயிற்றை அவிழ்த்து அறையில் துணி காயப்போடக் கட்டினேன். அந்த ஊரில் துணி காயாது என்பது வேறு விஷயம்.

நான் அங்கே இருந்த வருஷங்களில் ஒரு விடியல்கூட அவர் என் ஜன்னலைத் தாண்டிச் சும்மா போனதில்லை. ஒருநாள், "இதை இங்கிலீசுல எப்படிங்க சொல்றது?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே ஜன்னலில் கம்பீரமாகக் குரல் வந்தது.

"நோபடி டெட், மாஸ்டர்!"

கம்பளிக்குள்ளிருந்தே கத்தினேன். "நடுவுல 'இஸ்' எங்கய்யா?"

"இஸ்ஸும் நல்லாத்தான் இருக்காரு, மாஸ்டர்! தூங்குங்க!"