பீற்றிஸ் எந்தப் பிரிவு?

"கடல் பக்கமா, வாவிப் பக்கமா?"

ஆணி கேட்டு வருகிற எவரிடமும் பீற்றிஸ் முதலில் கேட்பது இதைத்தான். வீடு கடல் பக்கம் என்றால் துருப்பிடிக்காத கல்வனைஸ் ஆணி. வாவிப் பக்கம் என்றால் சாதாரண ஆணியே போதும். விலை கூடியதையே எல்லாருக்கும் கொடு என்று முதலாளி பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். பீற்றிஸ் கேட்பதாயில்லை. "தேவையில்லாததை வித்தா அந்த ஆள் திரும்பி வரமாட்டான் முதலாளி" என்பார். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தராசில் போடுவார். அரைக் கிலோ கேட்டிருந்தால் அரைக் கிலோதான் இருக்கும். மிஞ்சினால் ஓர் ஆணியை எடுக்க வேண்டியிருக்கும்.

நாற்பத்தைந்து வயது. நெற்றி உயர்ந்த, ஒல்லியான பெண். காதுக்கு மேலே கொண்டைக்குள் எப்போதும் ஒரு பென்சில். கூரைத் தகட்டின் கணக்கைச் சுவரிலேயே எழுதிப் பார்ப்பார். மட்டக்களப்பு நகரத்தின் அந்த ஹாட்வெயார் கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஊரிலுள்ள பாதிக் கூரைகளின் நீள அகலம் கிடக்கிறது. பெயின்ற் அடிக்க வந்தவர்களை அந்தப் பக்கம் விடவில்லையாம். "அது என்ட புத்தகம்" என்று என்னிடம் சொன்னார்.

அந்தக் கடையில் அவர் சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் கடல் பொங்கிய ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பூசைக்குப் போயிருந்தார். கல்லடியில் இருந்த வீடு போயிற்று. "வீடு மட்டும்தான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்வார், அதற்கு மேல் இழந்தவர்கள் முன்னால் தன் இழப்பைச் சொல்லக் கூசுவதுபோல. நான்காம் நாள், பாடசாலையில் இருந்த அகதி முகாமுக்கு முதலாளி வினாயகமூர்த்தி ஆள் அனுப்பினார். கயிறும் மண்வெட்டியும் மழைக்குத் தறப்பாளும் கேட்டுச் சனம் கடை வாசலில் நிற்கிறது, எது எங்கே இருக்கிறது என்று வேறு எவருக்கும் தெரியாது. மாற்றுச் சேலைகூட இல்லாமல், யாரோ கொடுத்த சட்டையோடு பீற்றிஸ் போய்க் கடையைத் திறந்தார்.

அதன்பிறகு இரண்டு வருடம் கடைக்கு நல்ல காலம். வீடு கட்டிக் கொடுக்க வந்த தொண்டு நிறுவனங்கள் சீமெந்தையும் தகட்டையும் லொறி லொறியாக வாங்கின. அந்த அலுவலகங்களுக்குப் போய் ஓடர் எடுக்க மோட்டார் சைக்கிளோடு ஓர் இளைஞரை முதலாளி சேர்த்தார். பெயர் சிவதர்ஷன். அவருக்குச் சம்பளத்தோடு கமிசனும் உண்டு. வெளியில் நின்றபடி அவர் கடைக்குப் போன் எடுப்பார்: "பீற்றிஸக்கா, இருவது அடி அகலக் கூரைக்கு எத்தின தகடு சொல்லுற?" பீற்றிஸ் சொல்வார். சிவதர்ஷன் எழுதிக் கொடுப்பார். கமிசன் அவருக்கு.

இதில் பீற்றிசுக்குக் கோபமில்லை. "பொடியன் வெயிலுக்க திரியிறான்" என்றுதான் நினைத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஏழில் நிலைமை மாறியது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், சண்டைக்குப் பயந்து ஓடிய சனம் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கியது. அங்கே போய் ஓடர் எடுக்க வேண்டும். இளைஞர்கள் வீட்டை விட்டுப் போனால் திரும்பி வருவார்களா என்று தாய்மார் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. சிவதர்ஷனின் சித்தப்பா மகனை ஒரு வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போய் மூன்று மாதமாகியிருந்தது. தான் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று அவர் சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை.

முதலாளி பீற்றிசைக் கூப்பிட்டார். "பிள்ள, நீ வயசான பொம்பிள. ஒன்ன ஒருத்தனும் ஒண்டும் கேக்கமாட்டான்."

செவ்வாயும் வெள்ளியும் பீற்றிஸ் போனார். ஆரையம்பதி வரை பஸ். பிறகு மண்முனைத் துறையில், 'பாதை' என்று இங்கே சொல்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். ஆணி மாதிரிகளை வைத்துக்கொண்டு ஒரு தடவை இரண்டு மணிநேரம் வெயிலில் நின்றிருக்கிறார். அக்கரையில் நடைதான். கூரையில்லாத சுவர்களைப் பார்த்து, அடி அளந்து, எத்தனை தகடு, எத்தனை மரம் என்று எழுதி எடுத்து வருவார். இருபத்தொரு மாதம். போர் முடிந்த வைகாசி வரை. பஸ் காசும் பகல் சாப்பாட்டுக் காசும் தந்தார்கள். ஓடர்கள் சிவதர்ஷனின் பெயரிலேயே பதிவாகின. வெளி வியாபாரத்துக்கு அந்தக் கடையில் வேறு பெயர் இருக்கவில்லை.

நான் இந்தக் கதைக்குள் வந்தது அந்த வருட முடிவில். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். அனுபவமும் வேலை வகையும் விற்பனையாளர்களின் சம்பளத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்று பார்க்க, நகரத்துக் கடைகளில் எழுபத்திரண்டு பேரின் விபரம் சேகரித்தேன். முடிவு தெளிவாக இருந்தது. கடைக்குள் கவுண்டரில் நிற்பவருக்கு ஒரு வருட அனுபவம் மாதச் சம்பளத்தில் கூட்டுவது நூற்றி நாற்பது ரூபா. வெளியில் போய் விற்பவருக்கு ஆயிரத்து நூறு. வேலை தொடங்குகிற நாளிலேயே இரு பிரிவுக்கும் இடையில் பன்னிரண்டாயிரம் அளவு வித்தியாசம். அழகான இரண்டு கோடுகள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அறிக்கையைக் கடைக்காரர்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு பெண் என் அறை வாசலில் நின்றார். தோளில் பாரமான துணிப்பை. கையில் என் அறிக்கை.

"மிஸ், இதில கவுண்டர் பதினெட்டு வருசம், பதினோராயிரத்து எண்ணூறு எண்டு ஒரு புள்ளி கிடக்கு. அது நான்தானே?"

பெயர்களைச் சொல்லக்கூடாது என்றேன்.

"சொல்ல வேணாம். பதினெட்டு வருசம் கவுண்டரில நிண்டது டவுணில நான் ஒராள்தான். சம்பளத்தக் கூட்டித் தாங்க எண்டு கேட்டன். முதலாளி இதத் தூக்கி மேசையில போட்டார். 'பாத்துக்கோ, கம்பஸே சொல்லுது, கவுண்டருக்கு இவ்வளவுதான்' எண்டார்."

எனக்கு முகம் சுட்டது.

"நூத்தி நாப்பது ரூவா" என்றார் பீற்றிஸ். குரலை உயர்த்தவில்லை. "ஒரு வருசம் முழுக்க நிண்டு படிச்சதுக்கு ஒரு கிலோ ஆணிக் காசு. அதுவும் போகட்டும். என்னக் கவுண்டர் எண்டு ஆர் சொன்ன?"

"சம்பளப் பட்டியலில் இருந்தது."

"பட்டியல ஆர் எழுதின?"

முதலாளிமார் தந்த பட்டியல்களைத்தான் வேலை வகைக்கு எடுத்திருந்தேன். எழுபத்திரண்டு பேரில் ஒருவரிடம்கூட, நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

பீற்றிஸ் பையைத் திறந்து பதினான்கு ஓடர்ப் புத்தகங்களை மேசையில் அடுக்கினார். எல்லாம் பென்சில் எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஊர், வீட்டுக்காரர் பெயர், கூரையின் அளவு. இரண்டு புத்தகங்களில் மழைநீர் ஊறி எழுத்து பரவியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வேறொருவரின் பேனையால் 'சிவதர்ஷன்' என்று இருந்தது.

"எனக்குத் தயவு வேணாம் மிஸ். நீங்க எழுதினதத் திருத்துங்க."

அன்று அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். சிவதர்ஷனைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் மிஸ், எல்லாம் அக்காட எழுத்துத்தான். நான் ஒருநாளும் அங்கால போகல்ல. கேட்டா எங்கயும் வந்து சொல்லுறன்" என்றார். பீற்றிசை வெளி விற்பனைப் பிரிவில் வைத்தபோது, அந்தப் பிரிவிலேயே ஆகக் கூடிய ஓடர் எடுத்தவர் அவர். ஆகக் குறைந்த சம்பளம் வாங்கியவரும் அவர். என் கோட்டின்படி அவருக்கு மாதம் நாற்பதாயிரம் வந்திருக்க வேண்டும். மற்றக் கடைகளின் பட்டியலையும் ஆட்களிடமே கேட்டுச் சரிபார்த்தேன். கவுண்டர் என்று எழுதப்பட்ட பெண்களில் இன்னும் ஐந்து பேர் வெளியிலும் விற்றுக்கொண்டிருந்தார்கள். வேலை வகை சம்பளத்தைத் தீர்மானிக்கிறது என்று எழுதியிருந்தேன். வேலை வகையை யார் தீர்மானிக்கிறார் என்பதை எழுதாமல் விட்டிருந்தேன்.

திருத்திய அறிக்கையோடு கடைக்குப் போனபோது பீற்றிஸ் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். காத்தான்குடியில் ஹாட்வெயார் வைத்திருக்கும் பாறூக் என்பவர் படுவான்கரை வியாபாரத்துக்கு ஆள் தேடினார். வெளி வியாபாரம் செய்ததென்று பழைய கடையில் கடிதம் வாங்கி வந்தால் அந்த அனுபவத்தையும் சேர்த்துச் சம்பளம் போடுவதாகச் சொல்லியிருந்தார். கடிதம் இல்லாவிட்டால் புது ஆளின் சம்பளம்தான்.

வினாயகமூர்த்தி என் அறிக்கையைத் திறக்கவேயில்லை. "பிள்ள, பதினெட்டு வருசம் ஒனக்கு என்ன குறை வச்சன்? மாசம் ஆயிரம் கூட்டித் தாறன். இரு."

"கடிதத்தத் தாங்க முதலாளி."

அவர் எழுதிக் கொடுத்தார். 'தொண்ணூற்றொன்று முதல் எமது கடையில் கவுண்டர் உதவியாளராக நேர்மையாகக் கடமையாற்றினார்.' பீற்றிஸ் நின்றபடியே அதை வாசித்தார். மடிக்காமல் மேசையில் திரும்ப வைத்தார்.

"படுவான்கரைய விட்டுட்டீங்க."

"அது சும்மா ஒரு உதவிக்குப் போனதுதானே."

"உதவியெண்டா நீங்க போயிருக்கலாம்" என்றார் பீற்றிஸ்.

கடையில் நான்கைந்து பேர் சாமானுக்குக் காத்து நின்றார்கள். உள்ளே சீமெந்து மூட்டை எண்ணிக்கொண்டிருந்த சிவதர்ஷன் வெளியே வந்து, பீற்றிசுக்குப் பக்கத்தில் நின்றார். முதலாளி அவரைப் பார்த்தார், காத்து நின்றவர்களைப் பார்த்தார், பிறகு புதுக் கடதாசி ஒன்றை இழுத்தார். இந்தத் தடவை எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்தது. படுவான்கரைப் பகுதியின் வெளி விற்பனைக்குப் பொறுப்பாக, இரண்டாயிரத்து ஏழு புரட்டாதி முதல் இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி வரை. கையெழுத்து வைத்து, அதைப் பீற்றிஸ் பக்கமாகத் தள்ளினார்.

பீற்றிஸ் வாசித்தார். திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்தார். கையெழுத்தின் கீழே முத்திரை இல்லை. பிறகு மேசையைச் சுற்றிப் போய் முதலாளியின் பக்கத்து லாச்சியைத் திறந்து, கடையின் முத்திரையை எடுத்தார். மையில் இரண்டு தரம் நன்றாக அழுத்தி, பிடி முதலாளியின் பக்கம் இருக்கும்படி அவர் கையருகே நீட்டிக்கொண்டு நின்றார்.