கோட்டுப் போட்ட லேத்துக்காரர்

பத்து வயதில் நான் ஒரு உத்தியோகம் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மத்தியானம் ஒன்றரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிகிற வேலை. புனேயில் சாங்வி பக்கம் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மராத்திப் பெண்களுக்கு, எங்கள் வீட்டு டிவியில் ஓடிய தமிழ் சீரியலை உடனுக்குடன் மராத்தியில் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால் பாயில் நடு இடம் எனக்குத்தான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் நான்கு பெரிய மனுஷிகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பார்கள். அந்த மாதிரி ஒரு மரியாதை அதற்குப் பிறகு எந்த ஆபீசிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. கோயமுத்தூரில் அப்பா லேத்து, அதாவது இரும்பு கடைகிற மிஷின், ஓட்டிக்கொண்டிருந்த மில்லை இழுத்து மூடிவிட்டார்கள். புனேயை ஒட்டிய போசரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை இருக்கிறதென்று யாரோ சொல்ல, இரண்டு டிரங்குப் பெட்டியையும் ஒரு கிரைண்டரையும் என்னையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தோம். ரயில் ஏற்றிவிட வந்த மாமா, "ஆறு மாசம். அதுக்கு மேல தாங்காது, திரும்பி வந்துருவீங்க பாருங்க மாப்ள" என்று சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ரயில் புனே வந்து சேர்கிற வரைக்கும் கூட அந்த ஒரு வாக்கியத்தை மென்றுகொண்டேதான் வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மராத்தி சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு மராத்தியும் வராது, இந்தியும் வராது. காய்க்காரனிடம் விரலைக் காட்டுவாள், அவன் விரலைக் காட்டுவான், இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு வியாபாரம் முடியும். கேபிள்காரர் கொடுத்த ஒரே தமிழ் சேனல்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. அதில் மத்தியானம் ஒரு சீரியல். சொத்தையெல்லாம் இழந்த ஒரு குடும்பம் ஒற்றைப் பெட்டியோடு சென்னைக்கு வந்து முதலிலிருந்து வாழ்க்கையைத் தொடங்குகிற கதை. அம்மாவுக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் சீரியலில் வறுமை நாற்பது நாளைக்கு மேல் தாங்காது. எங்களுக்கு ஒரு பீரோ வாங்கி முடிப்பதற்குள் அவர்கள் பங்களாவுக்குப் போய்விட்டார்கள். நாயகியின் புருஷன் கோட்டுப் போட்டுக்கொண்டு காரில் போக ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கட்டத்தில்தான் கீழ்வீட்டுக் காகு வந்து சேர்ந்தாள். மராத்தியில் காகு என்றால் சித்தி மாதிரி. நல்ல ஆகிருதி, நெற்றியில் ரூபாய் அகலப் பொட்டு, கட்டடத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு ஈ பறக்காது. பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவள், டிவியில் நாயகி அழுவதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றாள். "எதுக்கு அழறா?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். "ஐயோ பாவம்" என்று உட்கார்ந்தாள். மறுநாள் பாத்திரம் இல்லாமலே வந்தாள். அடுத்த வாரம் மூன்றாம் மாடி வைனியைக் கூட்டிவந்தாள். வைனி என்றால் அண்ணி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண், எதைக் கேட்டாலும் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும். பிறகு இன்னும் இரண்டு பேர். ஆளுக்கொரு முறத்தில் வெந்தயக்கீரையோ பட்டாணியோ கொண்டுவந்து, டிவியைப் பார்த்தபடி ஆய்வார்கள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து ஆய்வாள். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் பாலம் நான்தான். கொஞ்சம் திமிர் பிடித்த பாலம்.

அந்த வருஷம் ஆவணியில், புனேயின் மழை ஓய்கிற சமயத்தில் அப்பாவுக்கு வேலை போயிற்று. போசரியில் அந்தத் தொழிற்சாலைக்கு ஆர்டர் இல்லையாம், கடைசியாக வந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டார்களாம். அப்பா எப்போதும்போல் காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினார். எப்போதும்போல் சாயங்காலம் வந்தார். நடுவில் வேலை தேடித் தொழிற்சாலை கேட் கேட்டாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தி, "வூட்டு சமாச்சாரத்த வெளிய மூச்சு உட்டீன்னா பாரு அம்முணி, தோல உரிச்சுப் போடுவேன்" என்றாள். சாமி படத்தின் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

பத்து வயதுப் பிள்ளையின் வயிற்றில் இப்படி ஒரு ரகசியத்தைப் போட்டு மூடினால் அது அங்கே சும்மா கிடக்குமா? எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து சீட்டுக்காரி பென்சில் கேட்டால்கூட, "எங்கப்பாவுக்கு" என்று வாய் தானாகத் திறந்து மூடிக்கொண்டது.

ஒரு நாள் சீரியலில் கோட்டுக்காரர் ஒரு வக்கீலோடு உட்கார்ந்து பேசினார். உயில், பத்திரம், வாரிசு, பவர் என்று என்னென்னவோ. எனக்குத் தமிழிலேயே ஒன்றும் புரியவில்லை. இந்தப் பக்கம் நான்கு பேரும் "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று பிடுங்கினார்கள். தெரியாது என்று சொன்னால் என் உத்தியோகம் என்ன ஆவது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவருக்கு வேலை போயிருச்சு. ஆனா யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போறாரு."

சொன்னதும் வயிறு அப்படியே லேசாகிவிட்டது. சத்தியத்தையும் மீறவில்லை பாருங்கள். எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

காகு பட்டாணி உரிப்பதை நிறுத்தினாள். டிவியைப் பார்த்தாள். பிறகு, எதற்கோ, எங்கள் பால்கனியைப் பார்த்தாள். அங்கே கொடியில் என் பாவாடையும் அப்பாவின் வெள்ளைச் சட்டையும் காய்ந்தன. தொழிற்சாலைக்கு அப்பா போடுகிற, ஆயில் கறை போகாத நீல யூனிபார்ம் கொடியில் தொங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அவனுக்கு என்ன வேலை தெரியும்?" என்று காகு மெதுவாகக் கேட்டாள்.

"லேத்து."

"கோட்டுப் போட்டுக்கிட்டா?" என்றாள் வைனி.

"கோட்டு பழசு. நல்லா இருந்த காலத்துல வாங்குனது" என்றேன், கண் இமைக்காமல். அம்மா தலையைத் தூக்கவில்லை. லேத்து என்பது அவளுக்கும் தெரிந்த வார்த்தைதான், தொடையில் ஒரு கிள்ளு விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அவளுக்குப் புரியவில்லை என்று நிம்மதியாகிவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த சீரியல் இரண்டாகப் பிரிந்து ஓடியது. தமிழில் அவர்கள் பாட்டுக்கு மாடிப்படியில் ஏறி இறங்கி, ஒருவர் காபியில் ஒருவர் விஷம் வைத்துக்கொண்டிருந்தார்கள். மராத்தியில் ஒரு மனிதர் வேலை தேடிக்கொண்டிருந்தார். காகு தினமும் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "கிடைச்சுதா?" நான் உதட்டைப் பிதுக்குவேன். "இன்னிக்கு போசரி முழுக்கச் சுத்தினாரு. எங்கயும் இல்லேன்னுட்டாங்க" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"மெட்ராஸ்லயும் போசரி இருக்கா?" என்றாள் வைனி.

"எல்லாப் பெரிய ஊர்லயும் ஒண்ணு இருக்கும்" என்றேன். காகு வைனியின் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள். அந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. என் கதை சொல்லும் திறமைக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தபோது அப்பா தோற்றுப்போயிருந்தார். ஒரு சாயங்காலம் வந்து சட்டைப்பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து வைத்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் ஊருக்கு. போவதற்கு மட்டும்தான் எடுத்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் டிசி கேட்க வேண்டும் என்றும், மாமா வீட்டு மாடியறையில் கொஞ்ச நாள் இருந்துகொள்ளலாம் என்றும் தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க போங்க. நான் வரமாட்டேனுங்" என்றாள்.

"இங்க இருந்து என்ன பண்ணப் போற?"

"தெரியலைங். ஆனா அந்த வூட்டுப் படிய இப்படி ஏற மாட்டேனுங்."

பிறகு அழுதாள். சீரியல் நாயகி மாதிரி மூக்குச் சிவக்காமல் அழ அவளுக்குத் தெரியாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்து நின்று அழுதாள். அப்பா பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை. அந்தப் புனேயை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டிவியில் நாயகி புதுப்புடவை கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னால் சிரிப்புக் கதையெல்லாம் சொல்ல முடியவில்லை.

"ஊருக்கே போயிரலாம்னு டிக்கெட் எடுத்துட்டாரு. போறதுக்கு மட்டும். திரும்பி வர்றதுக்கு எடுக்கல. அவளுக்குப் போக இஷ்டமே இல்ல. நேத்து ரொம்ப அழுதா" என்றேன். திரையில் நாயகி இரண்டாவது ஐஸ்கிரீம் வாங்கினாள்.

காகு மடியிலிருந்த கீரையைத் தட்டி முறத்தில் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, நேராக டிவியைப் பார்த்துக் கையை நீட்டிப் பேசினாள்.

"அவகிட்ட சொல்லு. எங்கயும் போக வேண்டாம்னு சொல்லு. என் தம்பி ரஞ்சன்காவுல புது கம்பெனில சூப்பர்வைசர். நல்ல லேத்து ஆள் கிடைக்கலன்னு போன வாரம்தான் என்கிட்ட புலம்பினான். பழைய சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு அவ புருஷன் திங்கக்கிழமை நேரா கேட்டுக்கு வரணும். அக்கா அனுப்பினான்னு சொன்னா போதும். கை வேலை தெரிஞ்சவனா இருந்தா மத்தத அவன் பாத்துக்குவான்."

எனக்குக் காகுவின் புத்தியை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. "காகு, அவ டிவிக்குள்ள இருக்கா. நாம சொன்னா எப்படிக் கேக்கும்?" என்றேன்.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் கோயமுத்தூர் இழுவையோடு, ஆனால் ஒரு பிசகும் இல்லாத மராத்தியில்.

"சோம்வாரி கிதி வாஜ்தா?"

திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதமாக டிவி தமிழில் சொன்னதையும், அதையே நான் மராத்தியில் சொன்னதையும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் என்பது எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. காகு மட்டும் ஆச்சரியப்படவில்லை. டிவியைப் பார்த்தபடியே, "ஒன்பது மணிக்கு. பெரிய கேட்டு" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். வைனி எதற்கோ மூக்கை உறிஞ்சினாள். விளம்பரம் வந்தது.

திங்கட்கிழமை அப்பா இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து ரஞ்சன்காவ் போனார். அன்று நான் உத்தியோகத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை, யாரும் குறைப்படவும் இல்லை. ஆறு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு கீழே கேட்டுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா ஆறு மணிக்கு மேல் வந்தார். வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் கருப்பு. ஒரு வரைபடத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்துக் கடைந்து காட்டச் சொன்னார்களாம். காட்டியதும் மிச்ச நாளுக்கும் அங்கேயே நிற்க வைத்துவிட்டார்களாம். "சோப்புப் போட்டா போயிருமேன்னு கழுவாம வந்தேன்" என்றார். அம்மா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். திரும்பி வர டிக்கெட்டோடு. மாமா வீட்டுப் படியை அம்மா ஏறிய ஏற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். கால் தரையிலேயே படவில்லை.

ஊரிலிருந்து வந்த மறுநாள் அம்மா எங்கள் ஊர் வெல்லப் பலகாரமான கச்சாயம் சுட்டு ஒரு தூக்கு நிறைய வைத்திருந்தாள். பால்கனிக் கொடியில் நீல யூனிபார்ம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணிக்கு நான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். டிவியில் கோட்டுக்காரர் யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தார். காகு கச்சாயத்தைக் கடித்துக்கொண்டே, திரையைக் காட்டி, "என்ன ஆச்சு அவ புருஷனுக்கு?" என்றாள். என்னைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டாள்.

"நோக்ரி மிளாலி" என்றாள் அம்மா. வேலை கிடைத்துவிட்டது.

"மிளாலி! மிளாலி!" என்று வைனி கைதட்டினாள். நான்கு பேரும் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அம்மாவும் அவர்களும் ஒரே நேரத்தில் மராத்தியில் பேசினார்கள். நடுவில் பாலம் என்று ஒன்று கிடந்ததை எல்லோரும் மறந்துபோனார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் உத்தியோகத்தில் கை வைத்ததும் அல்லாமல் கதையையும் தப்பாகச் சொல்கிறாளே. பாயிலிருந்து எழுந்து, டிவியை மறைத்துக்கொண்டு நின்று கத்தினேன்.

"பொய்! அவருக்கு வேலையே போகல! லேத்தும் தெரியாது, ஒண்ணும் தெரியாது! அவருக்கு சொந்தமா கம்பெனி இருக்கு! எல்லாம் நான்தான் சும்மா சொன்னேன்!"

காகு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வைனி பாயில் உருண்டாள். அம்மா கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். காகு என்னை இழுத்து மடியில் போட்டு, பேச விடாமல் வாயில் ஒரு முழுக் கச்சாயத்தைத் திணித்தாள்.

அதை மென்றுகொண்டே அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இத்தனை மாதம் தொண்டைத் தண்ணீர் வற்ற நான் சொல்லியும், இத்தனை பெரியவர்களில் ஒருத்திக்குக்கூடக் கதை புரியவில்லையே.