தளும்பாத காபி

காபித் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. விருந்தாளி வந்தால் ஒவ்வொரு டம்ளராகக் கையில் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பேன். "ஒரு தட்டு வாங்கக் கூடாதா?" என்று கேட்பவர்களிடம் பேச்சை மாற்றிவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பம்மலில் இருந்தோம். கல்லூரிப் படிப்பை முடித்த வருஷம் என் அக்காவுக்கு மனநோய் வந்தது. சில வாரம் தூக்கமே இல்லாமல் பேசித் தீர்ப்பாள். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனநல டாக்டர் வலிப்புக்கான மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

"வலிப்பெல்லாம் இல்லையே சார்" என்றார் அப்பா.

"மனசு ஏறி இறங்குறதையும் இது பிடிச்சு நிறுத்தும்" என்றார் டாக்டர்.

குறைந்த அளவில் ஆரம்பித்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, மெல்ல மெல்லக் கூட்டினார். போகும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "கூட்டுறதோ குறைக்கிறதோ நான் சொல்லணும். நீங்களா கை வைக்காதீங்க. கல்யாணப் பேச்சு வந்தா முன்னாடியே வந்து சொல்லுங்க, கர்ப்பத்துக்கு இந்த மாத்திரை ஆகாது."

அக்கா எழுந்து நடமாடினாள். பக்கத்திலிருந்த நர்சரி பள்ளியில் வேலைக்கும் சேர்ந்தாள். ஆனால் மாத்திரையால் கை லேசாக நடுங்கியது. கரும்பலகையில் 'அ' நெளிந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் சிரித்துவிடுவாள். அம்மாவால் சிரிக்க முடியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்தானே காபித் தட்டை ஏந்தி வர வேண்டும்? முதலில் வந்த வரனின் வேட்டியிலேயே காபி கொட்டியது. "பொண்ணுக்கு நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்களிடமிருந்து அப்புறம் பேச்சுமூச்சே இல்லை.

அடுத்த வரன் பக்கத்து ஊரான பொழிச்சலூர். அம்மா டம்ளர்களில் தண்ணீர் ஊற்றித் தட்டோடு அக்காவைக் கூடத்தில் நடக்கவிட்டாள். தண்ணீர் தளும்பத் தளும்ப அம்மாவின் முகம் கறுத்தது.

"கை நடுங்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்லலாமே" என்றேன்.

"அங்க போய் உக்காந்திருக்கிறதை அவங்க ஆளுங்க யாராவது பாத்துட்டா? அவ கல்யாணத்தோட உன்னோடதும் நின்னுடும். வாயை மூடு."

பிறகு ஒரு நாள், தானே டாக்டரிடம் போய்வந்ததாக அம்மா சொன்னாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறாராம். நாங்கள் நம்பினோம். அம்மா கொடுத்ததை அக்கா மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். அது மருந்துக்கடையில் வாங்கிய வெறும் சத்து மாத்திரை.

கை நடுக்கம் நின்றுவிட்டது. பொழிச்சலூர்க்காரர்கள் வந்த அன்று தட்டு துளிகூட ஆடவில்லை. நடுவில் ஏரோப்ளேன் ஒன்று வீட்டின் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது.

"எங்க தெருவுல சண்டை நடந்தாக்கூட, ஏரோப்ளேன் போறவரைக்கும் நிறுத்தி வச்சிட்டு அப்புறம்தான் தொடருவாங்க, அத்தை" என்றாள் அக்கா. கூடமே சிரித்தது.

"இப்படிக் கலகலன்னு ஒரு மருமகதான் வேணும்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பூ வைத்துவிட்டே போனார்கள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவின் கண்ணில் இருந்த அந்தப் பளபளப்பை நோய் வந்த புதிதிலேயே நான் பார்த்திருந்தேன்.

தூக்கம் போனது. பேச்சு ஓயவில்லை. "கல்யாண சந்தோஷம்டி" என்று அம்மா அடக்கினாள். ஒரு மத்தியானம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அக்கா கொளுத்தும் வெயிலில் பொழிச்சலூருக்கே நடந்து போய்விட்டாள். அவர்கள் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் தெருவில் இறைத்து, "என் வூட்டை நான் சுத்தம் பண்ணக் கூடாதா?" என்று கத்தியிருக்கிறாள். தடுத்தவரைக் கடித்திருக்கிறாள். கைகளைத் துண்டால் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டுக்குள் இருந்த அந்தக் கைகளில் நடுக்கமே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா எங்களைத் திட்டக்கூட இல்லை. அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்.

ஆஸ்பத்திரியில்தான் அம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அளவைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாத்திருப்பேனேம்மா. சட்டுன்னு நிறுத்தலாமா?"

பழையபடி சின்ன அளவிலிருந்து ஆரம்பித்தார். அக்கா வீட்டுக்கு வரும்போது பாதி ஆளாகியிருந்தாள். பள்ளியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தது. அம்மாவின் மேல் எனக்கிருந்த ஆத்திரத்தில் நான் அவளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன். அக்கா கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அம்மா மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். டம்ளரை வாங்கிய கை நடுங்கியது. விழுங்கிவிட்டு, அக்கா வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். மாத்திரை உள்ளே போனதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் அப்படிக் காட்டச் சொல்வார்கள்.

"இங்க யாரும் கேக்கலையேடி" என்றாள் அம்மா, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

அம்மா திரும்பிப் பார்க்கும்வரை அக்கா வாயை மூடவில்லை.